டீக்காசு

அன்புள்ள அக்கா,

குரூப் 4 எழுதி, தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 19,500. தனியாரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், ‘எங்க வரிப்பணத்துலதானே உட்கார்ந்து சாப்பிடுற’ என்கிறான். அரசு ஊழியர் சம்பளம் உண்மையிலேயே அதிகமா? எட்டாவது ஊதியக்குழுவால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? இன்னொன்று. ஆபீசுக்கு வரும் டீ, வடைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நான் கொடுக்கப்போனதற்கு சீனியர்கள் முறைத்தார்கள். சின்ன விஷயம்தான், விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயம் என்றால் அது உங்களை இவ்வளவு உறுத்தியிருக்காது.

சம்பளக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைப் பார்த்துப் பொருமுகிறவர், பக்கத்துத் தனியார் பள்ளி டீச்சருக்கு ஏன் அதில் கால்வாசிகூடக் கொடுப்பதில்லை என்று கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பா மகனிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள்.

டீக்கு வருவோம். என் அம்மா ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே மெஸ் வைத்திருந்தார். மத்தியானம் டவாலி போட்ட ஆபீஸ் பியூன் ஒருவர் அடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு வருவார். “ஐயாவுக்கு” என்பார். கீழ்த்தட்டில் சோறு, அதற்கு மேல் குழம்பு, கூட்டு, மேல்தட்டில் வறுத்த மீன் இரண்டு துண்டு. நோட்டில் ஐயா பெயரை எழுதக் கூடாது, டவாலிக்காரர் பெயரில்தான் கணக்கு. சம்பளம் வாங்கிய கையோடு அவர்தான் வந்து பாதியைக் கொடுத்துவிட்டு, “மீதி அடுத்த மாசம்மா” என்பார். ஐயாவிடம் காசு கேட்க அவருக்கு வாய் வராது. அவரோ வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மா அதில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவார். அதை மட்டும் நோட்டில் எழுத மாட்டார்.

ஓசி வாங்குகிறவர் வறுமையில் வாங்குவதில்லை தம்பி. பதவி ஏற ஏறத்தான் பர்ஸ் வெளியே வருவது நிற்கிறது. பெரிய ஆள் வருகிறார் என்றால் பந்தல், பிரியாணி, காருக்கு டீசல் எல்லாம் வேண்டும். மேலேயிருந்து பணம் வராது. “பார்த்துக்கோங்க” என்ற வார்த்தை வரும். தாசில்தார் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யைப் பார்ப்பார், ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வைப் பார்ப்பார், வி.ஏ.ஓ. பட்டா மாறுதலுக்கு வந்து நிற்கும் கிழவியைப் பார்ப்பார். காவல்துறையில் ஆர்டர்லி முறையை ஒழித்து அரசாணை போட்டது 1979-ல். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்ட அரசுச் சம்பளத்தில் ஒரு காவலர்!

2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்த வேலைநிறுத்தம் உங்களுக்கு நினைவிருக்காது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலையைவிட்டு நீக்கினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவர்களே அதிகம். எனக்கு அன்று அப்படி ஒரு கோபம். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் ஊழியரின் சம்பளம் எவ்வளவு என்றே தெரியவில்லை. வாரிசு சான்றிதழுக்குப் போய் ஒரு பண்டல் பேப்பர் வாங்கிக் கொடுத்தவர், புகார் கொடுக்கப் போய் ஜீப்புக்குப் பெட்ரோல் போட்டவர், சந்தைக்குக் கொண்டுபோன முருங்கைக்காயில் ஒரு கட்டைப் பறிகொடுத்தவர், இப்படித்தான் இருந்தார்கள். லஞ்சம் கொடுத்ததைக்கூட மறந்திருந்தார்கள், முருங்கைக்காயை மறக்கவில்லை. நாளைக்கு நீங்கள் ஓய்வூதியத்துக்காகத் தெருவில் உட்காரும்போது இவர்களில் யார் உங்கள் பக்கம் வந்து உட்காருவார்?

சீனியர்கள் முறைத்தார்களாம். முறைத்தால் என்ன? லட்சக்கணக்கானவர்களோடு போட்டி போட்டு வேலை வாங்கிய ஆளுக்கு ஒரு முறைப்பைத் தாங்க முடியாதா? சீனியர்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள், அது வேறு ஒரு வியாதி. உங்கள் டீக்கு நீங்கள் கொடுங்கள், சத்தமில்லாமல், கடைக்குப் போய். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்பார். பயம்தான். நாலு நாள் கல்லாவில் வைத்துவிட்டு வாருங்கள், ஐந்தாம் நாள் சில்லறை எண்ணித் தருவார்.

ஊதியக்குழுவை மறந்துவிட்டேன். எட்டாவது குழு மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக அமைத்தது, நேரடியாக உங்களுக்கு இல்லை. ஏழாவது மத்திய ஊழியர்களுக்கு 2016 ஜனவரியிலிருந்து வந்தது, தமிழ்நாட்டில் கையில் காசாகக் கிடைத்தது 2017 அக்டோபரிலிருந்து. அதற்கு மேல் சங்கத்தில் கேளுங்கள், எனக்குச் சட்டியில் குழம்பு கொதிக்கிறது.