தாண்டுவதற்கு முன் காலை இழுத்துப் பிடிக்கலாமா? – கேள்வி பதில்

மைதானத்தில் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஸ்ட்ரெச்சிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். நீளம் தாண்டுவதற்கு முன் தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலைப் பிடித்தபடி பத்து நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்கிறேன். ஆனாலும் எம்பும்போது கால் தொய்வாக இருக்கிறது. ஏன்?

அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம், தம்பி. கிணற்றுக் கயிறு தொய்ந்து கிடந்தால், இழுத்தவுடன் வாளி மேலே வராது. முதலில் தொய்வு போக வேண்டும். நீண்ட நேரம் இழுத்துப் பிடித்த தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாரும் கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கயிறு மாதிரிதான் இருக்கும். நீ எம்பும் விசை எலும்புக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அதோடு, தசையை முடுக்கிவிடும் நரம்புத் தூண்டலும் சற்று நேரம் குறைந்துவிடுகிறது.

2013இல், 104 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு அலசல் வெளியானது. அசையாமல் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை மட்டும் செய்துவிட்டு உடனே சோதித்தால் தசை வலிமை சராசரியாக 5 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் மணல்குழியில் தேர்ச்சியும் தோல்வியும் சில சென்டிமீட்டரில் முடிவாவதைத் தினமும் பார்க்கிறேன்.

நீயே சோதித்துப் பார். ஒருநாள் வழக்கம்போலச் செய்துவிட்டுத் தாண்டி, டேப் வைத்து அள. இன்னொரு நாள் அதே நேரத்தில், மெதுவாக ஓடி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசி, முழங்காலை உயர்த்தி நாலைந்து தடவை குதித்துவிட்டுத் தாண்டு. மூன்று நான்கு நாள் இப்படி மாற்றி மாற்றிக் குறித்து வை. உன் கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஜிம்மில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்வதற்கு முன் ஸ்ட்ரெச்சிங்கே கூடாதா அண்ணா?

கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஒரு தசைக்கு மொத்தமாக 60 விநாடிக்குள் என்றால் இழப்பு 1 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதைத் தாண்டினால் 4, 5 சதவீதம் வரை போகும். 2000ஆம் ஆண்டில் ஒரு சோதனையில் கெண்டைக்கால் தசையை அரை மணி நேரம் இழுத்துப் பிடிக்க வைத்தார்கள். உடனே பார்த்தபோது வலிமை 28 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் 9 சதவீதம் குறைவு! இவ்வளவு நேரம் யாரும் பிடிப்பதில்லை, சரி. ஆனாலும் விளைவு எந்தப் பக்கம் போகிறது என்பதை இது காட்டுகிறது. இடுப்போ கணுக்காலோ இறுக்கமாக இருந்தால் 20 விநாடி பிடியுங்கள். அப்புறம் எடை மாட்டாத வெறும் கம்பியோடு இரண்டு செட் போட்டுவிட்டு எடை ஏற்றுங்கள்.

ஸ்ட்ரெச்சிங் செய்யாவிட்டால் அடிபடும் என்கிறார்களே?

ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. கால் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உடம்பைச் சூடேற்றாமல் களத்தில் இறங்குவதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். வார்ம்-அப் வேறு, ஸ்ட்ரெச்சிங் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

வீட்டில் அப்பாவுக்கு வயது 62, நடைப்பயிற்சி போகிறார். அவருக்கும் இது பொருந்துமா?

நடைக்கு முழு வலிமை தேவையில்லை. அவர் பாட்டுக்குச் செய்யட்டும், வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

நான் பரதநாட்டியம் ஆடுகிறேன். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியும், முழுதாக உட்காரும் முழுமண்டியும் ஸ்ட்ரெச்சிங் இல்லாமல் வராதே!

உண்மைதான் அம்மா. உங்களுக்கு மூட்டு விரிவு வேண்டும், அதனால் விடாதீர்கள். தினமும் நீட்சி வளர்ப்பதற்கான நீண்ட பிடிகளைப் பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறும் நாளில் சுருக்கமாகப் பிடித்து, உடனே காலைத் தட்டி ஆடும் தட்டடவை மெதுவான முதல் காலத்தில் ஆரம்பித்து, வேகமான இரண்டாம் காலத்துக்கு வாருங்கள். கால் நன்றாகச் சூடேறிவிடும்.