கியர்பாக்ஸுக்கு ஒரு புட்டி மருந்து

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் காரில் லீவரை 'டி'க்கு மாற்றியதும் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு குலுங்கி நகர்கிறது. டிரான்ஸ்மிஷன் அடிட்டிவ் (கியர்பாக்ஸ் ஆயிலில் கலக்கும் மருந்து) வாங்கி வீட்டிலேயே ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம். ஆனால் புட்டியைத் திறப்பதற்கு முன் கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) உருவி, அதில் ஒட்டிய ஆயிலை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த தகட்டை எந்த மருந்தும் வளர்க்காது. இறுகிப்போன ரப்பர் சீல்களைச் சற்று இளக்கி, சிறு கசிவைக் குறைப்பதுதான் இவற்றால் பெரும்பாலும் ஆகக்கூடியது. ஆயில் குறைந்திருந்தாலே நீங்கள் சொல்லும் தயக்கம் வரும் என்பதால், அளவை முதலில் பாருங்கள்.

அளவு சரியாக இருக்கும்போது மேலும் ஊற்றினால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது, கியர் இன்னும் வழுக்கும். எனவே, எவ்வளவு ஊற்றப்போகிறீர்களோ அவ்வளவை டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீண்ட மெல்லிய புனலால் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு சமதளத்தில், பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, கையேட்டில் உள்ள முறைப்படி அளவை மறுபடி பாருங்கள்.

சிவிடி (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் கியர்பாக்ஸ்) வகை என்றால், புட்டியில் அப்பெயர் அச்சிடப்படாத எதையும் ஊற்றாதீர்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியைப் பணிமனைக்கு அனுப்பிவிடுங்கள். அதில் அளவு பார்க்க, அடியில் படுத்து கியர்பாக்ஸின் ஆயில் பிளக்கைக் (மூடியைக்) கழற்றும் வேலை வீட்டுக்கு ஏற்றதன்று.