சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடில் யாராவது பிஎச்பி ஷெல் கோப்பை (சர்வரில் கட்டளை ஓட்டவிடும் நிரல்) ஏற்றிவிட்டால் சர்வர் பறிபோய்விடுமா?

ஏற்றியதால் மட்டும் போகாது. அந்தக் கோப்பை வெப் சர்வர் நேரடியாக எட்டி இயக்க முடிகிறதா என்பதே கேள்வி. நெக்ஸ்ட்கிளவுட் பக்கத்திலோ வெப்டேவ் (கோப்புகளை எடுக்க, வைக்க உதவும் நெறிமுறை) வழியாகவோ எடுத்தால் அது வெறும் டேட்டாதான், இயங்காது.

ஆனால் நிறுவும்போது தானாக வரும் டேட்டா ஃபோல்டர் வெப் ரூட்டுக்கு (வெப் சர்வர் வெளியுலகுக்குக் காட்டும் ஃபோல்டர்) உள்ளேயே இருக்கிறது. அதற்குக் காவல், அணுகலைத் தடுக்கும் விதிகள் உள்ள ஒரு எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பு. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதைப் படிப்பதே இல்லை. இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி 2.4-லும், அந்தக் கோப்பை மதிக்கலாமா என்று சொல்லும் 'அலோ ஓவர்ரைடு' இயல்பாக 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்றுதான் இருக்கும். நீங்கள் மாற்றாதவரை கண்டுகொள்ளாது.

சோதிப்பது சுலபம். 6-ஐயும் 7-ஐயும் பெருக்கி எக்கோ செய்யும் ஒற்றை வரி பிஎச்பி கோப்பை ஏற்றுங்கள். லாகின் இல்லாத விண்டோவில், தளமுகவரி/டேட்டா/பயனர்பெயர்/ஃபைல்ஸ்/ என்ற பாதையில் அதைத் திறங்கள். 403 அல்லது 404 வந்தால் நல்லது. கோப்பில் எழுதிய பிஎச்பி வரி அப்படியே தெரிந்தால், பயனர்பெயரும் கோப்புப்பெயரும் ஊகிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் திறந்தே கிடக்கிறது. 42 வந்தால், அக்கவுண்ட் உள்ள யாரும் சர்வரில் கட்டளை ஓட்டலாம்.

என்ஜின்எக்ஸில் 42 வருவதற்கு வழக்கமான காரணம் வரிசை. ரெஜெக்ஸ் லொகேஷன்களில் (முகவரியின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதிகளில்) முதலில் பொருந்துவதே ஜெயிக்கும். டேட்டாவைத் தடுக்கும் பிளாக், பிஎச்பி பிளாக்குக்குக் கீழே இருந்தால் இருந்தும் பயனில்லை.

சரியான தீர்வு டேட்டா ஃபோல்டரையே வெப் ரூட்டுக்கு வெளியே கொண்டுபோவது. மெயின்டெனன்ஸ் மோடு போட்டு, டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டு நகர்த்துங்கள். நட்சத்திரக் குறி போட்டு காப்பி செய்தால் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு விட்டுப்போய், 'டேட்டா ஃபோல்டர் செல்லாது' என்று அடம்பிடிக்கும். ஓனர் வெப் சர்வர் பயனராகவே இருக்கட்டும். கான்ஃபிக் கோப்பில் 'டேட்டாடைரக்டரி' பாதையையும், டேட்டாபேஸின் ஸ்டோரேஜஸ் டேபிளில் 'லோக்கல்' என்று தொடங்கும் வரியில் பழைய பாதையையும் மாற்ற வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் மறப்பது.

பிஎச்பி எக்ஸ்டென்ஷனை மட்டும் தடுத்தால் போதும் என்பதை நம்ப வேண்டாம். டெபியன் அப்பாச்சியில் பிஎச்டிஎம்எல், பிஎச்ஏஆர் கோப்புகளும் பிஎச்பியாகவே ஓடும்.

ஓட்டாமலே தாக்கும் கோப்பும் உண்டு: பிரிவ்யூ (முன்தோற்றப் படம்) உருவாக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் 2016-இல் வெளியான 'இமேஜ்ட்ராஜிக்' ஓட்டை அப்படிப்பட்டது. எஸ்விஜி, பிடிஎஃப் பிரிவ்யூக்கள் இயல்பாக அணைந்தே வருவது சும்மா இல்லை. அழகுக்காக ஆன் செய்யாதீர்கள்.

வெளியாருக்குக் கோப்புகளை ஏற்றுவதற்கான லிங்க் கொடுத்தால் பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் வையுங்கள். வந்து குவிவது உங்கள் கோட்டாவில்தான் (சேமிப்பு ஒதுக்கீடு) கழியும். கோட்டா வரம்பே இல்லையென்றால் டிஸ்க் நிரம்பும்வரை குவியும்.