‘அவர் அப்படித்தான்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு 43 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. ஒன்றிரண்டு வார்த்தைகளாகத்தான் பேசுவார். அம்மா போன பிறகு, இரண்டு வருடமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். போன தடவை அவருடைய மேல்கையின் உள்பக்கம் வரிசையாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டார் என்றார்கள். ஒரு குறிப்பிட்ட பணியாளர் பக்கத்தில் வந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டை நுனியைத் திருகத் தொடங்கினார். குளிப்பதென்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்துகிறார். “அவர் அப்படித்தான், வயசாக ஆகப் பிடிவாதம் கூடுது” என்கிறார்கள். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? புகார் சொன்னால் அந்தக் கோபத்தை அவர்மேல் காட்டிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வேறு இடம் கிடைப்பதும் சுலபமில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீணான சந்தேகம் இல்லை, சகோதரி. ஆனால் அந்தப் பணியாளர்தான் ஏதோ செய்தார் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லிவிட முடியாது. நீங்களும் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. நிறையக் குடும்பங்கள் தடுக்கி நிற்பது இங்கேதான். கையில் ஆதாரம் இல்லாமல் எப்படி வாயைத் திறப்பது என்று யோசித்து யோசித்தே மாதங்கள் ஓடிவிடும். யார், என்ன என்று கண்டுபிடிப்பது விசாரிக்கிறவர்களின் வேலை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது மட்டும்தான் உங்களுடையது.

முதலில் அந்தக் கன்றல். கதவிலோ கட்டிலிலோ இடித்துக்கொண்டால் பெரும்பாலும் முழங்கை, முன்கை, முழங்கால் என்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் படும். மேல்கையின் உள்பக்கம் உடம்போடு ஒட்டியே இருப்பது. கதவு அங்கே போய் இடிப்பது அபூர்வம். ஒருவரை இறுக்கிப் பிடித்து இழுத்தால் நான்கு விரல்கள் ஒரு பக்கமும் கட்டைவிரல் எதிர்ப்பக்கமும் பதியும். நீங்கள் பார்த்த வரிசைக்கு எதிரே இன்னொரு தடம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விழப்போனவரை யாராவது தாங்கிப் பிடித்திருந்தாலும் இதே தடம்தான் விழும். சரி, அப்படியானால் அது இல்லத்தின் சம்பவப் பதிவேட்டில் இருக்க வேண்டும். கதவில் இடித்துக்கொண்டது உண்மை என்றாலும் அதிலே இருக்க வேண்டும். எந்தத் தேதி, யார் பார்த்தார்கள், என்ன முதலுதவி என்று கேளுங்கள். நான் பதிவேட்டைக் காட்டச் சொல்லுவேன். வாய்ப் பதிலோடு எழுந்து வர மாட்டேன்.

கன்றலின் நிறத்தை வைத்து இது இத்தனை நாள் பழசு என்று கணக்குப் போட வேண்டாம். மருத்துவர்களாலேயே அதை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அண்ணன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் லேசாகப் பட்டாலும் கன்றும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்றலை விட என்னை அதிகம் உறுத்துவது குளியல் விஷயம். குளியலறையில் கதவு சாத்தியிருக்கும், உடம்பில் துணி இருக்காது, கூட ஒரே ஒரு பணியாளர். கொதிக்கிற தண்ணீர், முரட்டுத்தனமான கை, கேலி, அதைவிட மோசமானது என எதுவும் அங்கே நடக்க முடியும். அதே நேரத்தில் அவர் பொத்துவது காதை. காதில் சீழ் கட்டியிருந்து, தண்ணீர் பட்டால் வலிக்கிறதோ என்னவோ! வலியை வார்த்தையில் சொல்லத் தெரியாதவர்களுக்குக் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் எல்லாமே பிடிவாதமாகவும் கோபமாகவும்தான் வெளியே வரும். “அவர் அப்படித்தான்” என்ற வார்த்தை ஆபத்தானது அதனால்தான். எதையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிட்டால், வலியும் தெரியாது, கொடுமையும் தெரியாது. ஆகவே இந்த வாரமே, இல்லத்துக்கு வழக்கமாக வருகிற மருத்துவர் அல்லாத வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். காது, பல், வயிறு பார்க்கச் சொல்லுங்கள். கன்றலையும் காட்டி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். காதுதான் காரணம் என்று தெரிந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. இத்தனை நாள் வலியோடு இருந்தவரை யாரும் கவனிக்கவில்லையே, அதுவும் புறக்கணிப்புதான்.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது? “அவர் அடித்தாரா?” என்று கேட்காதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பலர், எதிரே இருப்பவரைத் திருப்திப்படுத்த எதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். நாளை முறையான விசாரணை வந்தால், நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். “குளிக்கும்போது என்ன நடக்கும்?”, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். படம் வரைந்தோ பொம்மையை வைத்தோ காட்டினால் அதுவும் பதில்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை சொன்னதை மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். அவர் சொன்ன சொல்லை உங்கள் நடைக்கு மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். பாலியல் கொடுமை என்று கொஞ்சம் சந்தேகம் வந்தாலும், குளிப்பாட்டாமல், துணி துவைக்காமல் நேரே மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் போக வேண்டும்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பயம்தான் கொடுமை செய்கிறவருக்குப் பெரிய துணை. அந்தப் பணியாளரிடம் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அது அவரை உஷார்ப்படுத்தும், அவ்வளவுதான். பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அதன் பிரதியை இல்லத்துக்கு அனுமதி கொடுக்கும் அரசுத் துறைக்கும் அனுப்புங்கள். வெளியே ஒருவருக்குத் தெரியும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். “விசாரணை முடியும்வரை அண்ணனைக் குளிப்பாட்டுவது யார்? அந்தப் பணியாளர் அவர் பக்கம் வராமல் என்ன ஏற்பாடு?” என்று அதே கடிதத்தில் கேளுங்கள். பொறுப்பாளர்மேலேயே சந்தேகம் என்றால் அவரைத் தாண்டிப் போங்கள். இன்றே அடி விழும் என்று தோன்றினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அண்ணனைக் கூட்டிவந்துவிடுங்கள், இடம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் அண்ணனை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. வரவேற்பறையிலா, அவர் அறையிலா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது, உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கானது. அங்கே பணியாளர்கள் நோயாளிகளைக் கொடுமைப்படுத்தியதை ஒரு செவிலியர் மேலிடத்துக்கும் அரசுக் கண்காணிப்பு அமைப்புக்கும் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. 2011-இல் பிபிசி நிருபர் ஒருவர் பணியாளராகச் சேர்ந்து ஒளித்துவைத்த கேமராவில் பதிவு செய்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள். நோயாளிகள் தங்கியிருந்த மேல்மாடிக்கும் படுக்கையறைகளுக்கும் குடும்பத்தினரை விடாமலே வைத்திருந்தார்கள் என்பது பிறகு நடந்த ஆய்வில் தெரியவந்தது.

அதனால் அறைக்குள் போங்கள். ஞாயிறு என்ற வழக்கத்தை உடைத்து ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், இன்னொரு நாள் விளக்கணைக்கும் நேரத்தில், சொல்லாமல் போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் அறையில், ஆள் கூப்பிடும் மணி தலைமாட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தது. அவரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அடிக்கடி அடித்துத் தொந்தரவு செய்கிறார் என்று யாரோ மாட்டியிருக்கிறார்கள். அதைச் செய்தவர் கெட்டவர்கூட இல்லை, இருபது பேரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு சோர்ந்துபோனவர். ஆனால் பெரியவர் இரவெல்லாம் ஈரத்தில் கிடந்தார். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களைப் பாருங்கள். புதிதாகத் தூக்க மாத்திரை சேர்ந்திருக்கிறதா, எழுதிக்கொடுத்தது யார்? அவர் பணத்தில் வாங்கியதாகக் கணக்கில் இருக்கும் செருப்பு காலில் இருக்கிறதா? இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்?

அந்த இல்லத்தில் நல்ல பணியாளர்களும் நிச்சயம் இருப்பார்கள். அவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் முதல் தகவல் அவர்களிடமிருந்துதான் வரும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தக் கை, எத்தனை தடம், யார் என்ன சொன்னார்கள். எனக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் பாதி ஏற்கெனவே இருக்கிறது, அதையே பார்த்து எழுதிவிடலாம். காதைப் பார்த்து மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.