சமுதாய வானொலியில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒரு மணிநேரப் பேச்சு நிகழ்ச்சி: நேர்காணலும் விமர்சனமும் வைத்து ஒரு வாரத்தை எப்படித் திட்டமிடுவது?

ஐந்து நாளும் நேரலை என்று எடுத்தவுடனே முடிவு செய்யாதீர்கள். மூன்று, நான்கு பேர் நடத்தும் நிலையத்தில் அது இரண்டாவது வாரமே படுத்துவிடும். மூன்று நாள் நேரலை, இரண்டு நாள் பதிவு செய்தது என்று வையுங்கள். விருந்தினர் வராமல் போனால் போடுவதற்கு, எந்த நாளுக்கும் பொருந்துகிற 10 நிமிட நேர்காணல் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

எந்த நாளில் யார் என்பது உங்கள் விருப்பத்தைவிட அவர்களுடைய வேலையைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மாவட்ட அதிகாரிகள் அங்கேதான் இருப்பார்கள், அன்று காலை கூப்பிட்டால் கிடைக்க மாட்டார்கள். அந்தத் திங்களைத் திரைப்பட விமர்சனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான படங்கள் வெள்ளியன்று வெளியாவதால் சனி, ஞாயிறில் பார்த்து எழுத நேரமும் இருக்கும். வேளாண் அதிகாரி செவ்வாய், நூல் விமர்சனம் புதன். அரசு மருத்துவருக்குக் காலையில் புறநோயாளிகள் பிரிவு இருக்கும், அவரை முந்தின நாள் மாலையே பதிவு செய்துகொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள்.

60 நிமிடத்தில் தொடக்கம் 2, தகவல்கள் 4 (வானிலை, மின்தடை அறிவிப்பு, சந்தை விலை), ஒன்பது ஒன்பது நிமிடமாக இரண்டு துண்டு நேர்காணல், விமர்சனம் 4, நேயர் அழைப்பு 8. மீதி பாட்டும் விளம்பரமும். மத்திய அரசின் 2024 சமுதாய வானொலி வழிகாட்டுதல்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம், சிறிய நிலையத்துக்கு அவ்வளவு வந்தால் அதிர்ஷ்டம்தான். இன்னொன்று: சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியோ அரசியலோ ஒலிபரப்பக் கூடாது. குடிநீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று சொல்லலாம். எந்தக் கட்சி அதைக் கெடுத்தது என்ற பேச்சுக்குள் விருந்தினர் நுழைந்தால் உடனே திருப்புங்கள்.

நேர்காணலில் பாதி வேலை முந்தின நாள் தொலைபேசியில் முடிந்துவிடும். பத்து நிமிடம் பேசி, அவருக்கு எதில் உற்சாகம், எதில் தயக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்புகளைச் சொல்லுங்கள், கேள்விகளை அனுப்பாதீர்கள். அனுப்பினால் பதிலை எழுதிக்கொண்டு வந்து படிப்பார்கள். படிக்கிற குரல் வானொலியில் அப்பட்டமாகத் தெரியும்.

“டெங்கு பற்றிச் சொல்லுங்கள்” என்றால் நான்கு நிமிடச் சொற்பொழிவு வரும். “தண்ணீர்த் தொட்டியை ஏன் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கழுவினால் சுழற்சி அறுந்துவிடும் என்று பதில் வரும். அடுப்படியில் நிற்பவருக்கு அது மனதில் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் பேசும்போது “ம்”, “ஆமாம்” போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அந்த “ம்” விழுந்த இடத்தில் பிறகு வெட்டவே முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுக் கேள்வியைப் போடுங்கள். நடுவில் வந்து சேர்கிறவர்களுக்காக மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை விருந்தினர் யாரென்று சொல்லுங்கள். கடைசிக் கேள்வி, ஒன்றரை நிமிடம் மீதமிருக்கும்போது.

மைக் வாயிலிருந்து ஒரு கைப்பிடி தூரம், நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. நேராக வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். ஒலி அளவு உச்சத்தில் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கட்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு, யாரும் பேசாத அறையின் ஒலியை 30 விநாடி தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்ட அது வேண்டும்.

அதிகம் சொதப்புவது தொலைபேசி நேர்காணல்தான். விருந்தினருக்கு அவர் குரலே திரும்பிக் கேட்டால் தடுமாறுவார். மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) ஆக்ஸ் என்ற தனி வெளியீட்டு வழியை எடுத்து, அதில் அவருடைய தொலைபேசிச் சானலை மட்டும் முழுவதும் குறைத்துவிட்டு, மற்ற ஒலிகளை அவருக்கு அனுப்புங்கள். இதற்கு மிக்ஸ்-மைனஸ் என்று பெயர். வீட்டில் ஓடும் வானொலியை அணைக்கச் சொல்லுங்கள், புளூடூத் காதுக்கருவியையும் கழற்றச் சொல்லுங்கள்; அதில் குரல் குறுகித் தகரம் போல் ஒலிக்கும். வலைச் சிக்னல் நிச்சயமில்லை என்றால் அவர் தன் கைபேசியிலேயே பதிவு செய்து கோப்பை அனுப்பட்டும். இரு பக்கமும் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி வைத்தால் பொருத்துவது எளிது. நேயர் அழைப்புகளை அப்படியே ஒலிபரப்பாதீர்கள். ஒரு பாட்டு ஓடும் நேரத்தில் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து, அடுத்த பாட்டு முடிந்ததும் போடுங்கள்.

விமர்சனத்துக்கு நான்கு நிமிடம் போதும். தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல், ஆகவே 380 சொல்லில் நிறுத்துங்கள். கதைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். நூல் என்றால் 40 விநாடியில் ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள்; அந்த எழுத்து எப்படிப்பட்டது என்பதை உங்கள் பெயரடைகளைவிட அதுவே நன்றாகச் சொல்லும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. முழுப் பாடலை ஒலிபரப்புவது வேறு, அதற்கு உரிமம் தேவை. பிரதியைப் பதிப்பாளர் இலவசமாகக் கொடுத்திருந்தால் ஒலிபரப்பிலேயே சொல்லிவிடுங்கள். படத்தில் ஒளிப்பதிவு அருமை என்று சொல்லி நகராதீர்கள். கேட்பவர் எதையும் பார்க்கவில்லை. எந்தக் காட்சியில் என்ன வெளிச்சம் என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், விருந்தினர் பெயர் என்ற வரிசையில் வையுங்கள். புகார் வந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.