வாசகர் கேள்வி – பதில்: தெரிந்தே வெளிவரும் குறைகள்

கேள்வி: குறை இருப்பது உள்ளே தெரிந்தும் கார் எப்படி விற்பனைக்கு வந்துவிடுகிறது? சோதனையில் அகப்படாதா?

பதில்: பல நேரம் அகப்படுகிறது. அகப்பட்டதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் கோளாறே. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலெட் கோபால்ட், சாட்டர்ன் அயான் கார்களின் இக்னிஷன் சுவிட்சைப் பாருங்கள். சாவியைத் திருப்ப 15 முதல் 25 நியூட்டன்-சென்டிமீட்டர் திருப்புவிசை தேவைப்பட வேண்டும் என்பது நிறுவனமே வகுத்த அளவு. அந்த அளவை எட்டாது என்று தெரிந்தே 2002இல் சுவிட்சுக்கு ஒப்புதல் தரப்பட்டது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் பட்டாலோ சாவி 'ஆக்சஸரி' நிலைக்கு நழுவிவிடும். என்ஜின் அணையும், பவர் ஸ்டீரிங் போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது.

ஓடும் வண்டி அணைந்துபோவதை அங்கே 'வாடிக்கையாளர் வசதி' சார்ந்த புகார் என்று வகைப்படுத்தினார்கள். பாதுகாப்புக் குறை என்று எழுதியிருந்தால் கோப்பு அன்றே நகர்ந்திருக்கும். பிறகு சுவிட்சைத் திருத்தியவர்கள் உதிரிபாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழைய கார்களில் மட்டும் ஏன் இந்தச் சிக்கல் என்று விசாரித்தவர்களுக்கு நெடுநாள் பிடிபடவில்லை. இதை மன்னிக்கவே முடியாது. கார்களைத் திரும்ப அழைத்தது 2014இல்தான். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் 124.

கேள்வி: ரீகால் (கார்களைத் திரும்ப அழைக்கும்) அறிவிப்பு வராவிட்டால் கவலையில்லை என்று இருக்கலாமா?

பதில்: கூடாது. ரீகாலுக்கு முன்பே 'சர்வீஸ் புல்லட்டின்' என்ற குறிப்பு பணிமனைகளுக்குப் போயிருக்கலாம். அது பொதுவாக உரிமையாளருக்கு வராது. புகார் சொன்னவர் வண்டியை மட்டும் சரிசெய்வார்கள். உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் உண்டா என்று நீங்களே கேளுங்கள். பழைய கார் வாங்கினால் 17 இலக்க வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து, நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கில் இது உயிர்ப் பிரச்சினை. ஏர்பேக்கை விரிக்கும் வாயுவைத் தரும், ஈரம் உறிஞ்சி சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்யும்.

ஓடும்போது என்ஜின் அணைந்தால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். பணிமனையில் 'ஸ்டார்ட்டிங் பிரச்சினை' என்று ஜாப் கார்டில் எழுத விடாதீர்கள். 'இன்ன வேகத்தில் ஓடும்போது அணைந்தது' என்றே எழுதச் சொல்லுங்கள். 'குறை தென்படவில்லை' என்றால் அதையும் எழுத்தில் வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.