பாடசாலை விட்டபின் அவன் எங்கே இருக்கிறான்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். என் மகனுக்கு 15 வயது, 10ஆம் தரம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலுள்ள பெரிய பையன்கள் இருவர், இவனுக்குச் சிறிய உடம்பு என்பதால், இரவில் ஒரு கடையின் ஜன்னல் வழியாக உள்ளே இறக்கிவிட்டு 4,000 ரூபாயும் சிகரெட்டும் எடுக்க வைத்திருக்கிறார்கள். பணத்தைத் தந்தால் முறைப்பாடு செய்யமாட்டேன் என்கிறார் கடைக்காரர். ஒரு இரவு பொலிஸில் வைத்து மிரட்டினால்தான் திருந்துவான் என்கிறார் என் அண்ணன். மழை நாளில் நான் மலையிலிருந்து வரும்போது, அட்டைக்கடிக் காலைக் கழுவ அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கும் பிள்ளை இவன். நான் என்ன செய்வது? எங்கள் மாதர் சங்கமும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது அந்த வெந்நீர்தான். அம்மா எத்தனை மணிக்கு வருவாள், எந்த நிலையில் வருவாள் என்பதை எண்ணிப் பார்த்து அடுப்பு மூட்டுகிற பிள்ளைக்குப் பிறர் வலி தெரியும். அவன் செய்தது தவறு. அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் சொல்லும் வழியில் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிரட்டித் திருத்துவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ராவே சிறைச்சாலைக்கு 1970களில் சிறுவர்களை அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டு அவர்களை மிரட்டச் செய்தார்கள். பார்த்தவர்கள் மெச்சினார்கள், வேறு மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பிற்பாடு, இத்தகைய திட்டங்களுக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, போனவர்களே கூடுதலாகக் குற்றத்தில் இறங்கியிருந்தது தெரியவந்தது. மேலும், மிரட்டலுக்கென்று தொடங்குவது மிரட்டலோடு நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டான், ஆகவே முறைப்பாடு பதிவானால் அது நீதிமன்றம் வரை போகக்கூடும். அப்படி ஒரு நிலை வந்தால் அவனைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போய், பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்து உத்தியோகத்தரிடம் பேசுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவையும் நாடலாம்.

இனி, நான் முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது; நீங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்துசேர ஐந்து மணியாவது ஆகும். இந்த மூன்றரை மணி நேரம் அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான்? கையில் போனும் வாயில் கொழும்புக் கதையுமாக வந்து நிற்கும் அந்த இருவரைத் தவிர, அந்த நேரத்தில் அவனை ஒரு பொருட்டாக மதித்துப் பேச வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். களவு நடந்தது இரவில் என்றாலும், அந்த நட்பு வளர்ந்தது இந்தப் பிற்பகல்களில்தான். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. மலையில் நிற்கும் தாய் அதே நேரத்தில் வீட்டிலும் இருக்க முடியாது. அதனால்தான் இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, லயத்தின் பிரச்சினை என்கிறேன்.

ஐஸ்லாந்து நாட்டில் 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதத்தினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதமாகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் விளையாட்டிலும் இசையிலும் சேர அரசு பணம் கொடுத்தது. பெற்றோர் தமக்குள் பேசி ஒரே விதியை எல்லா வீட்டிலும் வைத்துக்கொண்டார்கள். மாலையில் தெருக்களில் முறைபோட்டு நடந்தும் வந்தார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் பெற்றோர் கூடிப் பேசுவதற்கும் முறைபோட்டு நடப்பதற்கும் பணம் தேவையில்லை.

உங்கள் மாதர் சங்கம் கோயில் மண்டபத்தையோ சனசமூக நிலையத்தையோ பாடசாலை நாட்களில் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கேட்டுப் பெறட்டும். ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று உங்கள் தோட்டத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். ஒரு நாளும் ஒருவரை மட்டும் பிள்ளைகளோடு தனியே விடாமல் இருவராக நிறுத்துங்கள். யார் யார் என்பதைப் பாடசாலை அதிபருக்கும் தெரியப்படுத்துங்கள். ஒரு மணி நேரம் பாடம் போதும்; மீதி நேரம் கரப்பந்தாட்டமாக இருக்கட்டும். பிரதேச செயலகத்திலுள்ள இளைஞர் சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் 13 முதல் 29 வயது வரையுள்ளோருக்கான இளைஞர் கழகமாகப் பதிவு செய்வது எப்படி என்று சொல்வார்.

மாசியில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு ஆட்கள் கூடும்போது இவனைத் தப்புப் பறை அடிப்பவரிடம் கொண்டுபோய் விடுங்கள். இரவெல்லாம் கூத்து நடக்கும்போது பெரியவர்கள் சின்னப் பையனிடம் பொறுப்பான வேலையை நம்பிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு அடங்காத பிள்ளை குறைவு. அந்தப் பெரிய பையன்கள் இருவரையும் இவற்றிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். இது பலருக்குக் கசக்கும், ஆனால் அவர்களும் உங்கள் லயத்துப் பிள்ளைகள்தான். ஒதுக்கினால் அடுத்த சின்ன உடம்பைத் தேடுவார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளைப் பற்றி அவர்களிடம் யாராவது பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வீட்டில், அவனைக் கேள்விகளால் துளைக்காதீர்கள். அந்த வெந்நீரில் கால் கழுவும் நேரத்தில் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உங்கள் நாளை முதலில் சொல்லுங்கள். அவன் நாள் தானாக வரும். அப்பா போன் எடுக்கும்போது புகாரை முதலில் வைக்காமல், பத்து நிமிடம் மகனோடு பேசிவிட்டுப் பிறகு உங்களோடு பேசட்டும். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் பாடசாலையை விடுகிற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். சிகரெட்டோடு வேறு எதுவும் பழகியிருப்பானோ என்ற சந்தேகம் எழுந்தால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கடைக்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார். பணத்தை நீங்களே கட்டி முடித்துவிடாமல், ஒரு பகுதியையாவது அவன் சனிக்கிழமைகளில் கடை வாசலைக் கூட்டி, உடைந்த ஜன்னல் இருந்தால் அதைச் சரிசெய்ய உதவித் தீர்க்க அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். முதல் சனிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள். மன்னிப்புக் கேட்பதை அவனே கேட்கட்டும். நீங்கள் வாசற்படியில், அவன் திரும்பிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.